கிணறு திருப்பித் தராத சொல்

சிவமயம்
தெல்லிப்பழை,
3 ஜனவரி 1990

தம்பி இராசநாயகத்திற்கு,

நலம் கேட்டுத் தொடங்கும் வழக்கத்தை இக்கடிதத்தில் நான் கைக்கொள்ளவில்லை. நாலாண்டு காலம் கேளாதிருந்தவள் இன்று கேட்பது நடிப்பாகத் தோன்றும். மயிலிட்டிச் சந்தியோகு, தன் மருமகனும் நீ வேலை செய்யும் கிரேக்கக் கப்பலில்தான் இருக்கிறான் என்று சொல்லி உன் விலாசத்தைத் தந்தார். ஒரு சொல் விடயமாக மட்டுமே எழுதுகிறேன்.

நான் ஒரு குறிப்புக் கொப்பி எழுதி வருகிறேன். அன்றாடம் வழங்கும் ஆங்கிலச் சொற்கள் பலவற்றுள் கிரேக்க, உரோமத் தெய்வங்கள் படுத்து உறங்குகின்றன. அவற்றை எழுப்பித் தமிழில் வரிசைப்படுத்துவதே என் நோக்கம். உதாரணமாக, இந்த ஜனவரி மாதமே ஜேனஸ் என்ற உரோம வாயிற்காவலனின் பெயரால் வந்தது. அவனுக்கு இரண்டு முகம். ஒன்று வீட்டுக்குள் பார்க்கும். மற்றது தெருவைப் பார்க்கும். இதுவரை எழுபத்திரண்டு சொற்கள் ஆயின. எழுபத்து மூன்றாவதன் பக்கத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன். அது எதுவென்று உனக்குத் தெரியும்.

அம்மா இறந்த ஆண்டு எட்டாம் வகுப்போடு நின்று உன்னை வளர்த்தவள் நான். ஆங்கிலத்தை அகராதியில் படித்தேன். கண்ணால் அறிந்தேனேயன்றிச் செவியால் அறிந்தேனில்லை. அதனால் ஆங்கில ஆசிரியர் லயனல் மாஸ்டர் வீட்டில், கூடியிருந்தோர் முன், எதிரொலியைக் குறிக்கும் அந்தச் சொல்லை ‘எச்சோ’ என்று வாசித்தேன். மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார். நீயோ, “என்னக்கா, எச்சிலோ?” என்று கேட்டுச் சபையையே சிரிக்க வைத்தாய். அன்று எங்கள் வேலிக்கதவாகிய படலையில் நின்று நான் சொன்னதை மறந்திருக்கமாட்டாய்: “இனி இந்தப் படலையிலை நிண்டு என்னைக் கூப்பிடாதை. கூப்பிட்டாலும் திறக்கமாட்டன்.”

நிற்க. இணைத்துள்ள பட்டியலிலுள்ள சொற்களைக் கிரேக்கர் எவ்வாறு உச்சரிக்கின்றனர் என்பதை விசாரித்து எழுதுக. வேறொன்றும் எழுத வேண்டியதில்லை.

இங்ஙனம்,
நாகேஸ்வரி


பிரேயுஸ் துறைமுகம், கிரேக்கம்,
20 பெப்ரவரி 1990

அன்புள்ள அக்காவுக்கு,

‘வேறொன்றும் எழுத வேண்டியதில்லை’ எண்டு போட்டிருக்கிறியள். நான் எழுதுவன். கப்பலிலை எனக்குக் கதைக்க ஆளில்லை. சந்தியோகுவின்ரை மருமோனுக்கு வாய் சாப்பிட மட்டுந்தான்.

உங்கடை பட்டியலை கப்பலிலை சமைக்கிற குசினிக்காரன் யோர்கோஸிட்டைக் காட்டினன். பெரிய வயிறு, பெரிய மீசை. அவன் ஒவ்வொண்டா வாசிச்சான், நான் தமிழிலை எழுதி இதோடை வைச்சிருக்கிறன். பிறகு கேட்டான், “ஆர் உந்தப் பட்டியலை எழுதினது, புரொபெசரோ?” எண்டு. “ஓம், என்ரை அக்கா” எண்டன். அவன் தொப்பியைக் கழட்டினான். பொய்யில்லை.

திடீர்ப் பயத்துக்குச் சொல்லுற ‘பனிக்’ எண்ட சொல்லுக்கு அவன் ஒரு கதை சொன்னான். பான் எண்டு ஆட்டுக்கால் உள்ள ஒரு இடையச் சாமி. உச்சி வெயிலுக்கை படுத்து நித்திரை கொள்ளுமாம். அந்த நேரம் ஆரும் சத்தம் போட்டு எழுப்பினால், காரணமே இல்லாத ஒரு பயத்தை ஆளுக்கு மேலை விட்டிடுமாம். தன்ரை ஊர் மலையிலை இப்பவும் மத்தியானம் ஒருத்தரும் விசில் அடிக்கமாட்டினமாம். எனக்கு எங்கடை அம்மாவின்ரை நினைப்பு வந்துது. உச்சிநேரம் கிணத்தடிக்குப் போகாதை எண்டு எத்தினை அடி வாங்கியிருப்பன்!

அக்கா, சொல்லைக் கண்ணாலை மட்டும் படிச்சால் வாய்க்கு வராது. சத்தம் போட்டு வாசியுங்கோ. வெக்கமெண்டால் பக்கத்து வளவு ஏரம்பு அண்ணையின்ரை கிணத்துக்குள்ளை குனிஞ்சு சொல்லிப் பாருங்கோ. அந்தக் கிணறு அப்பிடியே திருப்பிச் சொல்லும், ஆரும் சிரிக்காயினம்.

அண்டைக்கு நான் சிரிச்சது பிழை. படலையிலை நிண்டு சொல்ல விடேல்லை, இதிலை சொல்லுறன்.

உங்கடை தம்பி,
இராசன்


சிவமயம்
தெல்லிப்பழை,
15 ஒக்டோபர் 1990

தம்பி,

உன் கடிதம் மார்ச் மாதமே கிடைத்தது. பதில் எழுதுவதற்குள் என் பெருமை மூன்று மாதத்தையும், யுத்தம் நாலு மாதத்தையும் எடுத்துக்கொண்டன. தபால் மீண்டும் இயங்குவதாகச் சொல்கிறார்கள். நீ பேசுவது போலவே எழுதுகிறாய். அது கண்டிக்கத் தக்கது. எனினும் இருமுறை வாசித்தேன்.

ஆனி மாதத்தில் மயிலிட்டி முழுவதும் எழுந்து வெளியேறிவிட்டது. சந்தியோகுவும் அவர் மனைவி செபஸ்தியம்மாவும் மல்லாகத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் அகதிகளாக இருக்கிறார்கள். எங்கள் ஒழுங்கையில், இச்சிறு தெருவில், பதினொரு வீடு; நம்முடையதைத் தவிர எல்லாம் காலி. ஏரம்பு அண்ணை கடைசியாகப் போனார். “பிள்ளை, நீயும் வெளிக்கிடு. இஞ்சை ஆரைக் காவல் காக்கப் போறாய்?” என்று கேட்டார். நான் வரமாட்டேன் என்றேன். நீ அறிந்த விலாசம் இது ஒன்றுதானே என்பதை அவரிடம் சொல்லவில்லை.

காங்கேசன்துறையில் பகல் பன்னிரண்டுக்கு ஊதும் தொழிற்சாலைச் சங்கு நின்றுவிட்டது. அதையும் ‘சைரன்’ என்றே சொல்வர். மாலுமிகளைப் பாட்டால் இழுத்துக் கொன்ற கடற்பெண்களின் பெயர் அது. கொப்பியில் முப்பத்தொன்றாவது சொல். சங்கு ஊதாததால் உச்சிப்பொழுது இப்போது சொல்லாமல் வருகிறது. திடீரென்று நிழல் காலுக்கடியில் வந்துவிடும். காகம் கூடக் கத்துவதில்லை.

நீ சொன்ன பயிற்சியை மேற்கொண்டேன். வேலியில் ஆள் நுழையத்தக்க ஒரு பொட்டு இருக்கிறது. அதனூடாக ஏரம்பு அண்ணையின் வளவுக்குள் போய், கிணற்றுக் கட்டில் கைகளை ஊன்றி ஒவ்வொரு சொல்லாக உரக்கச் சொல்வேன். கிணறு திருத்தமாகத் திருப்பிச் சொன்னது. எனக்கு மகிழ்ச்சியாகவே இருந்தது.

சென்ற புதன்கிழமை நடந்ததை உள்ளபடி எழுதுகிறேன். வானத்தைத் தோளில் தாங்கியவனின் பெயரை, ‘அட்லஸ்’ என்று சொன்னேன். ‘அட்லஸ்’ என்று வந்தது. நிமிர்ந்து நாலடி நடந்திருப்பேன். கிணற்றுக்குள்ளிருந்து ‘சைரன்’ என்று என் குரல் கேட்டது. அது நான் முதல்நாள் சொன்ன சொல்.

நான் பயந்தவளல்ல. ஆனால் பயிற்சியை நிறுத்தியிருக்கிறேன்.

நாகேஸ்வரி


வெள்ளவத்தை, கொழும்பு,
12 பெப்ரவரி 1991

அக்கா,

கப்பலாலை இறங்கியிட்டன். உங்கடை ஒக்டோபர்க் கடிதம் கப்பல் கொம்பனி எல்லாம் சுத்தி இப்பதான் கைக்கு வந்துது. வாசிச்சுப்போட்டு என்னாலை இருக்க முடியேல்லை. தனிச்சு இருந்து உங்கடை காது உங்களையே ஏமாத்துது.

நான் வாறன். வவுனியாவுக்குப் போய், பாதை பூட்டினதாலை கொம்படிப் பக்கத்தாலை களப்புத் தண்ணிக்குள்ளை நடந்து வரலாமாம். இந்தக் கடிதம் முந்துமோ, நான் முந்துவனோ தெரியாது. படலையிலை நிண்டு கூப்பிடுவன். திறக்கிறதும் திறக்காததும் உங்கடை விருப்பம். திறந்தால் உங்களையும் கொப்பியையும் கூட்டிக்கொண்டு வருவன். திறக்காட்டில் இனிக் கரைச்சல் தரமாட்டன்.

இராசன்


சிவமயம்
தெல்லிப்பழை,
2 மார்ச் 1991, சனிக்கிழமை

தம்பி,

உன்னிடமிருந்து ஒரு வரியும் வரவில்லை. கப்பல் எக்கடலில் நிற்கிறதோ அறியேன். கப்பல் கொம்பனியின் கொழும்பு முகவரின் விலாசத்துக்கே எழுதுகிறேன். இவ்வாரம் நிகழ்ந்ததை யாரிடமாவது சொல்லாவிட்டால் என் புத்தி கலங்கிவிடும் போலிருக்கிறது.

செவ்வாய்க்கிழமை உச்சிப்பொழுது. அடுப்பில் குரக்கன் மா கிளறிக்கொண்டிருந்தேன். படலைப் பக்கமிருந்து, “அக்கா!” என்று ஆண்குரல். சிறிது நேரம் விட்டு இன்னுமொரு முறை, “அக்கா!” அவ்வளவே.

உச்சிநேரத்தில் வரும் அழைப்புக்கு அம்மா விதித்த முறையை நீ மறந்திருக்கலாம், நான் மறக்கவில்லை. மனிதர் மூன்று முறை கூப்பிடுவர். மனிதரல்லாத மற்றவை இரண்டுக்கு மேல் கூப்பிடா. மூன்றாவது அழைப்பு வரும்வரை ஓமென்று சொல்லவும் கூடாது, எட்டிப் பார்க்கவும் கூடாது. ஆகவே காத்திருந்தேன். வரவில்லை. ஒழுங்கையில் வேறு மனிதர் இல்லை என்பதையும் நினைவில் கொள்.

வியாழக்கிழமை அதே நேரம், அதே குரல், அதே இரண்டு முறை. இம்முறை கதவுக்குப் பின்னால் போய் நின்று தாழ்ப்பாளை இரு கைகளாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். குரல் உன்னுடையதைப் போன்றே இருந்தது. அதனால்தான் இன்னும் இறுக்கிப் பிடித்தேன். கிணறு என் குரலைக் கற்றுக்கொண்டது. உன் குரலைக் கற்க எவ்வளவு நேரம் பிடிக்கும்? சிறுவயதில் நீ அதற்குள் எவ்வளவு கத்தியிருக்கிறாய்! பிறகு ஓர் இருமல் கேட்டது. இருமலை மட்டும் என்னால் விளங்கிக்கொள்ள முடியவில்லை.

வெள்ளிக்கிழமையும் வந்தது. அன்று மெல்லியதாக, அலுத்ததாக.

மூன்று நாளும் நான் விடை சொல்லவில்லை. பான் என்ற அந்த ஆட்டுக்காலன் விட்ட பயம் இதுதான் போலும் என்று எண்ணி, கொப்பியில் அச்சொல்லின் கீழ் நாலு வரி சேர்த்தேன். உறுதியாக நின்றதில் எனக்குச் சிறு பெருமையும் உண்டு.

நாகேஸ்வரி


வெள்ளவத்தை,
9 மார்ச் 1991

அக்கா,

நான் வந்தனான். போன கிழமை வியாழக்கிழமை, பெப்ரவரி இருபத்தெட்டு. தொடையளவு சேத்துத் தண்ணிக்குள்ளை நடந்து, சைக்கிள் பாரிலை இருந்து, கடைசி மூண்டு மைல் காலாலை வந்தனான். காய்ச்சலும் இருமலும்.

ஒழுங்கை செத்துக் கிடந்துது. ஆனால் எங்கடை குசினியிலை புகை வந்துது. படலையிலை நிண்டு, “அக்கா!” எண்டன். இன்னொருக்கால் கூப்பிட்டன். கதவுக்குக் கீழை உங்கடை காலின்ரை நிழல் தெரிஞ்சுது. உள்ளுக்கை நிக்கிறியள். திறக்கேல்லை.

மூண்டாந்தரம் கூப்பிட வாய் வரேல்லை, அக்கா. அஞ்சு வரியத்துக்கு முன்னம் சொன்ன சொல்லை நீங்கள் காப்பாத்துறியள் எண்டு விளங்கியிட்டுது.

தண்ணி விடாய். ஏரம்பு அண்ணையின்ரை கிணத்தடிக்குப் போனன். வாளி இல்லை. சும்மா குனிஞ்சு உள்ளுக்கை பாத்து, ஒருக்கால், “அக்கா” எண்டன். சின்ன வயசிலை நான் குழப்படிக்கு என்ன கத்தினாலும் திருப்பிச் சொன்ன கிணறு. அண்டைக்கு ஒண்டும் சொல்லேல்லை. கல்லுப் போட்டால் சத்தம் கேக்காத மாதிரி. திரும்பிப் பாராமல் வந்திட்டன்.

மே மாதம் முதலாந்தேதி வேறை கப்பல். இனி வரமாட்டன். கோவமில்லை. நலமாயிருங்கோ.

இராசன்


தெல்லிப்பழை,
6 ஏப்ரல் 1991

என் தம்பி,

உன் பெப்ரவரிக் கடிதமும் மார்ச் கடிதமும் ஒன்றாக இன்று காலை வந்தன. எதை முதலில் பிரித்தேன் என்று நினைவில்லை. இக்கடிதத்தைத் தபாலில் நம்பமாட்டேன். சந்தியோகு நாளை கொழும்புக்குப் போகிறார். அவர் கையில் கொடுக்கிறேன்.

நீ பார்த்த நிழல் என்னுடையதுதான். உனக்கும் எனக்கும் நடுவில் சிறு முற்றமும் ஓர் அங்குலப் பலகையுமே இருந்தன. நான் சொன்ன வார்த்தையைக் காப்பாற்ற நிற்கவில்லை, தம்பி. மூன்றாவது அழைப்புக்காக நின்றேன். இன்னும் ஒரே ஒரு முறை கூப்பிட்டிருந்தால் கதவையே பெயர்த்துக்கொண்டு வந்திருப்பேன். என் மார்ச் இரண்டாந்தேதிக் கடிதம் உனக்குக் கிடைத்திருந்தால் அதில் எல்லாம் இருக்கும். கிடைக்கவில்லையெனில் சந்தியோகு வாயால் சொல்லுவார்.

எழுபத்து மூன்றாவது பக்கத்தை இன்று எழுதினேன். தேவராணியின் கோபத்தால் சொந்தப் பேச்சை இழந்தவள் எக்கோ. பிறர் அழைத்தாலன்றி அவளால் அழைக்க முடியாது. உடம்பு தேய்ந்து குரல் மட்டும் மிஞ்சியது. எழுதிவிட்டு வாசித்தேன். நாலாண்டு ஒரு கடிதம் எழுதாமல், நீ முதலில் கூப்பிடட்டும் என்று இருந்தவளின் கதையாகவே அது இருந்தது.

ஒன்று மட்டும் கேட்கிறேன். நீ வந்தது வியாழக்கிழமை. வெள்ளிக்கிழமை கேட்டதை உன் குரலின் மீதி என்று கொள்வேன். முதல்நாள் சொல்லை மறுநாள் சொல்வது அக்கிணற்றின் இயல்பு. செவ்வாய்க்கிழமை, நீ ஊருக்கு வருமுன்பே, கூப்பிட்டது யார்?

மூன்றாவது அழைப்பை நீ கிணற்றிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாய். அது இன்னும் என்னிடம் வந்து சேரவில்லை.

கப்பலுக்குப் போகாதே. வா. முதலாவது குரலுக்கே திறப்பேன்.

அக்கா


வெள்ளவத்தை,
17 ஏப்ரல் 1991

அக்கா,

சந்தியோகு எல்லாம் சொன்னார். நான் ஒரு மூளையில்லாத விசரன். அம்மா சொன்னது கடலுக்கை போய்க் கரைஞ்சு போச்சு. ஒரு மூச்சு, இன்னும் ஒரு மூச்சு விட்டிருந்தால்!

கப்பல் வேண்டாம் எண்டு சொல்லியிட்டன். இருபத்தைந்தாந்தேதி வியாழக்கிழமை வருவன். இந்த முறை படகாலை. சந்தியோகு முன்னுக்கு வாறார், இதைக் கொண்டு வருவார்.

செவ்வாய்க்கிழமை கூப்பிட்டது ஆரெண்டு எனக்குத் தெரியாது. அதுதான் பயமாக் கிடக்கு. முதல் குரலுக்குத் திறக்காதேங்கோ. நான் மூண்டு தரம் கூப்பிடுவன். எண்ணிக்கொண்டு இருங்கோ. உடுப்பைக் கட்டி வையுங்கோ, கொப்பியையும்.

யோர்கோஸ் உங்களுக்கு ஒரு ஒலிவ் எண்ணெய்ப் போத்தல் தந்தவன். புரொபெசருக்காம்.

இராசன்


தெல்லிப்பழை,
26 ஏப்ரல் 1991, வெள்ளிக்கிழமை

தம்பி,

இக்கடிதத்துக்கு விலாசமில்லை. நீ கொழும்பை விட்டுவிட்டாய். இங்கே வந்து சேரவில்லை. உன் கையிலேயே கொடுக்கலாம் என்ற எண்ணத்தில் எழுதுகிறேன்.

நேற்று விடிந்ததிலிருந்து வாசற்படியில் இருந்தேன். சேலைகள் மூன்று, கொப்பி, அகராதி எல்லாம் ஒரு பெட்டியில். உச்சிப்பொழுது வந்து போயிற்று. ஒரு குரலும் இல்லை. அந்தச் செவ்வாய் வந்த குரலும் இல்லை, வியாழன் வந்த உன் குரலும் இல்லை. அந்த அமைதிதான் எனக்குத் தாங்கவில்லை.

இன்று காலை சந்தியோகு சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். அதை வேலியில் சாத்தினார். பிறகு, “பிள்ளை, புதன்கிழமை வெளிக்கிட்ட மூண்டு படகிலை ரண்டு வந்திட்டுது. மற்றது பிந்தி வரும். காத்து மாறியிருக்கும்” என்றார். அவர் கடலிலேயே கிழவனானவர். காற்றைப் பற்றி என் முகத்தைப் பாராமல் அவர் இதுவரை பேசியதில்லை; இன்று நிலத்தைப் பார்த்துப் பேசினார். “வா, பள்ளிக்கூடத்துக்குப் போவம். செபஸ்தியம்மா உன்னைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னவ” என்றார். பின்னேரம் வருவதாகச் சொல்லி அனுப்பினேன்.

இப்போது நிழல் காலுக்கடியில் வந்துவிட்டது. மேசையைக் கதவோரம் இழுத்துப் போட்டு எழுதுகிறேன். கதவு திறந்திருக்கிறது.

தம்பி, இந்தக் கணத்தில் கேட்டது.

படலையிலிருந்து அல்ல. வேலிக்கு அப்பால், கிணற்றடியிலிருந்து. ஒரே ஒரு முறை. “அக்கா” என்று, கூப்பிடுவது போலல்ல, தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போல. அதில் விடாய் இருந்தது. காய்ச்சல் இருந்தது. பெப்ரவரி இருபத்தெட்டாந்தேதி நீ அதற்குள் குனிந்து விட்டுப்போன அதே சொல். இத்தனை நாள் வைத்திருந்து இன்று தந்திருக்கிறது. ஏன் இன்று என்று நான் கேட்கமாட்டேன்.

ஒன்று, இரண்டு, இது மூன்று. அம்மாவின் கணக்கு நிறைந்துவிட்டது. மூன்றாவது அழைப்புக்கு விடை சொல்லாதிருக்க எனக்கு இனி எந்த நியாயமும் இல்லை.

எழுந்து நின்று, இந்த ஒழுங்கை முழுவதும் கேட்க, “ஓம் தம்பி, வாறன்!” என்று சொன்னேன். கிணற்றைப் பார்த்தே சொன்னேன். காதைக் கொடுத்து நின்றேன். அது திருப்பிச் சொல்லவில்லை. விழுங்கிக்கொண்டது. யாரோ கேட்டுக்கொண்டது போல.

இப்போது படலைக் கொக்கியை யாரோ வெளியிலிருந்து ஆட்டுகிறார்கள். கூப்பிடவில்லை. இருமவில்லை. ஆட்டுகிறார்கள், நிறுத்துகிறார்கள், மறுபடி ஆட்டுகிறார்கள். சந்தியோகு திரும்பி வந்திருக்கலாம். பிந்திய படகில் நீ வந்திருக்கலாம். செவ்வாய்க்கிழமை வந்தவராகவும் இருக்கலாம்.

எண்ணிக்கொண்டு நிற்கமாட்டேன். திறக்கப் போகிறேன்.

அக்கா